சனி ஞாயிறு மலைக்குப் போகிறவர்கள் எந்த ஊர் வானிலையைப் பார்ப்பது?

கேள்வி, மே 11

நேற்று குடும்பத்தோடு கும்பக்கரை அருவிக்குப் போனோம். போனில் பெரியகுளத்துக்கு மழை வாய்ப்பு 10 சதவீதம் என்று போட்டிருந்தது. வானமும் பளிச்சென்றுதான் இருந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்க் குளிக்க ஆரம்பித்ததுமே விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. இந்த வானிலை ஆப்களை நம்பி வார இறுதிக்குத் திட்டம் போடுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? எல்லாம் டுபாக்கூர் என்பது என் கருத்து.

பதில், மே 11, இரவு

ஆப் பொய் சொல்லவில்லை. நீங்கள் பெரியகுளத்தைக் கேட்டீர்கள், அது பெரியகுளத்தைப் பற்றிச் சொன்னது. கும்பக்கரையில் விழுவது பெரியகுளத்து மழை இல்லையே. கொடைக்கானல், வட்டக்கானல், வெள்ளகவி பக்கம் பெய்தது பாம்பாறு வழியாக இங்கே வந்து விழுகிறது. கொடைக்கானல் ஏரிக்கும் கும்பக்கரைக்கும் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் உயரத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம். அந்தச் சரிவில் தண்ணீர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? மேலே கொட்டுவது கீழே நிற்பவருக்குத் தெரியவும் தெரியாது.

அருவிக்குப் போகும்போது அருவி இருக்கும் ஊரைத் தேடாதீர்கள், தண்ணீர் வரும் ஊரைத் தேடுங்கள். நேற்று கொடைக்கானலைப் பார்த்திருந்தால் அநேகமாக இடி மின்னல் படம் போட்டிருக்கும்.

மே 12, காலை

இன்னொன்று விட்டுப்போனது. மே மாதத்து மழைக்குக் கடிகாரம் உண்டு. காலையில் வெயில் ஏறும், சரிவு சூடாகும், பத்து மணிக்கு மேல் முகட்டின் மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரி மேகம் முளைக்கும், மதியம் இரண்டு மூன்று மணிக்கு அதன் அடிப்பகுதி கறுத்து இடி கேட்க ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசிக் கோடை மழை முக்கால்வாசி இப்படித்தான். அதனால் விடியலில் ஏறி, மதியம் ஒரு மணிக்குள் முகட்டைவிட்டு இறங்கி, இரண்டு மணிக்கு ஓடை, அருவிப் பக்கம் இல்லாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாயங்காலம் சூரிய அஸ்தமனம் பார்க்க முகட்டில் உட்காரும் திட்டத்தை எல்லாம் டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மே 12, மதியம்

"அப்போ 10 சதவீதம் என்றால் என்ன?" என்று கேட்டவருக்கு: நீங்கள் தேடிய புள்ளியில் மழை விழும் வாய்ப்பு. எவ்வளவு பெய்யும் என்பது அதில் இல்லை. கோடை மழை திட்டுத்திட்டாகப் பெய்வது, இந்தப் பள்ளத்தாக்கில் கொட்டும், அடுத்ததில் வெயில் அடிக்கும். அதனால் எந்த ஒரு புள்ளியை எடுத்தாலும் சதவீதம் குறைவாகத்தான் வரும். மே மாதத்தில் மலைக்கு 30 என்று பார்த்தால் நான் 70 என்று படித்துக்கொள்வேன். இது விஞ்ஞானம் இல்லை, என் பழக்கம்.

மே 14

ஒருவர் பழைய குற்றாலத்தை நினைவுபடுத்தியிருக்கிறார். 2024 மே 17. அதுவும் சீசன் தொடங்குவதற்கு முந்தைய கோடை மழைதான். மேலே மலையில் பெய்த மழையில் திடீரென்று வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள், 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் படிப்படியாக ஏறவில்லை, மொத்தமாக வந்தது.

கலங்கல்தான் அறிகுறி என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் பல சமயம் கலங்கலும் வெள்ளமும் கூடவே வந்துவிடும். அதற்கு முன்னால் வருவது சருகு. தெளிந்த தண்ணீரில் திடீரென்று காய்ந்த இலை, சுள்ளி, சின்னச் சின்ன நுரைக்கட்டி மிதந்து வந்தால் மேலே எங்கோ கரையோரம் காய்ந்து கிடந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சத்தம் கனக்கும். அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், சருகு வந்தாலே ஏறிவிடுங்கள். துண்டும் செருப்பும் போனால் போகட்டும்.

மேகமலைப் பக்கம் எங்களோடு வந்த வனத்துறை வாட்சர் ஒருவர் ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலையாக ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் விளிம்பில் நட்டுவிடுவார். அப்புறம்தான் பொட்டலத்தைப் பிரிப்பார். ஒருநாள் நாங்கள் புளிச்சோற்றில் பாதி தாண்டவில்லை, "எந்திரிங்க" என்றார். குச்சி தண்ணீருக்குள் ஒரு சாண் உள்ளே நின்றது. தண்ணீர் நிறம்கூட மாறியிருக்கவில்லை, வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. வட்டிலைக் கழுவாமல் அக்கரைக்குப் போய் மிச்சத்தைச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் கடந்து வந்த கற்கள் ஒன்றும் கண்ணில் இல்லை. வண்டி நின்ற பக்கத்துக்கு முதலில் கடந்துவிட்டு அப்புறம் சாப்பிடுவது என்பது அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் சட்டம்.

மே 20

மின்னல் பற்றி. பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, முகட்டில் நிற்கும் நேரம் முடிந்தது. தனி மரத்தடி வேண்டாம், கம்பி வேலிப் பக்கம் வேண்டாம். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் ஆட்கள் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஜூன் 8

பருவமழை வந்தாச்சு, இந்த விவாத இழையும் உயிர் பெற்றுவிட்டது. மே 12-ல் எழுதிய கடிகாரக் கணக்கு இனி செல்லாது, யாரும் அதை வைத்துக்கொண்டு ஜூலையில் போய் நிற்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக வந்து மலையில் மோதி ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து கொட்டுகிறது. அதற்கு வெயில் தேவை இல்லை. காற்று பலமாக இருக்கும் வரை இரவு, விடியல், மதியம் எதுவும் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்குத்தான் பல நாள் மோசமாக அடிக்கும்.

ஆனால் இப்போது திசை முக்கியம். போடியில் வெயில், போடிமெட்டில் மேகம் முகத்தில் உரசும், கேரளப் பக்கம் பூப்பாறை தாண்டினால் வைப்பர் நிற்காது. ஒரே சாலை, ஒரே காலை. மேற்குச் சரிவு நனைய நனைய நம் பக்கம் காற்று மட்டும் வந்து சேரும். ஆகவே குரங்கணி பக்கம் ஜூன், ஜூலையில் மழை குறைவுதான் என்று ஒருவர் சொன்னது சரி. ஆனால் முகட்டுக்கு ஏறிவிட்டால் நீங்கள் நிற்பது இரண்டு வானிலைக்கு நடுவில். மூடுபனி, காற்று, இரண்டும் சேர்ந்தால் பக்கத்தில் நடப்பவரின் முதுகுப் பைகூடத் தெரியாது.

குளிரையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். போடியில் 33 என்றால் கொழுக்குமலை உயரத்தில் 21, 22 வரும். கேட்கச் சுகமாக இருக்கும், நனைந்த பனியனில் அந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பருத்தி டீ-ஷர்ட் போட்டு வராதீர்கள் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வருகிறது, "ஊட்டிக்கே இதுதான் போட்டேன்" என்கிறார்கள்.

ஜூன் 9

மலைக்கு நம் பக்கம் மழை குறைவு என்றால் குற்றாலம் எப்படி விதிவிலக்கு என்று கேட்டிருக்கிறார்கள். விதிவிலக்கு இல்லை, செங்கோட்டைக் கணவாய்தான் காரணம். மலைத்தொடரில் அங்கே ஒரு தாழ்வு இருக்கிறது, அது வழியாகக் காற்றும் சாரலும் நம் பக்கம் வந்துவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் அதைவிட அகலம், ஆனால் அங்கே நமக்குப் பெரும்பாலும் காற்றுதான் கிடைக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர் பல்லடம் பக்கத்து ஆளாக இருந்திருப்பார்.

ஜூலை 6

வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு மழை எச்சரிக்கையைப் பற்றி இங்கே நடக்கும் சண்டைக்கு என் பங்கு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 வரை, மிக கனமழை 20.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. எச்சரிக்கை மாவட்டத்துக்கு வருகிறது. நீலகிரி மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றால் அவலாஞ்சிக்கும் கோத்தகிரிக்கும் சேர்த்துத்தான் ஆரஞ்சு. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மேற்கே நனையும் அவலாஞ்சியும் கிழக்கே காயும் கோத்தகிரியும் வேறு வேறு உலகம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மேற்கு நீலகிரியும் கூடலூர் பக்கமும் தத்தளித்தன. எச்சரிக்கையைப் பார்த்து மொத்த மாவட்டத்தையும் ரத்து செய்பவரும் அவசரப்படுகிறார், "கோத்தகிரியில் வெயில் அடிக்குது" என்று சொல்லி மேற்கே உள்ள மேல்பவானிக்கு வண்டியை விடுபவரும் அவசரப்படுகிறார். இரண்டாவது அவசரம்தான் ஆபத்து.

இன்னொரு குழப்பம், பதிவு நேரம். மழை அளவு காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் வரும் எண் சனிக்கிழமை நீங்கள் நனைந்த மழை. "ஞாயிறு 9 செ.மீ. பெய்ததாம், நல்லவேளை சனிக்கிழமையே போய்வந்தோம்" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறாரே, ஐயா, அது உங்கள் மழைதான்.

ஜூலை 7

ஆப் எது நல்லது என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள். ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி (மாடல்) உலகத்தை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. நம் வானிலைத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர். நல்ல முன்னேற்றம். ஆனால் மே மாதம் சொன்ன கும்பக்கரைக் கணக்கை எடுத்துப் பாருங்கள், ஒரு கட்டத்துக்குள்ளேயே மலை ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கிவிடும். கணினிக்குத் தெரியும் மலை மழுங்கிய மலை. காற்று எந்தத் திசை, எவ்வளவு வலு, மேகம் எப்போது சேரும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, எந்தச் சரிவு நனையும் என்பதை நாமே நிலப்படத்தை வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஐந்து நாள் முன்னால் சொல்வதை நான் லீவு போடுவதற்கு மட்டும் பயன்படுத்துவேன். போவதா வேண்டாமா என்பது வெள்ளி இரவு. சனி காலை ரேடார் படம், மூன்று மணி நேரத்துக்கான இடிமழை அறிவிப்பு.

ஜூலை 27

ஆறு பக்கம் போகலாம், மலைக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒகேனக்கல் போகிறவர்களுக்குத் தர்மபுரி வானிலை எதற்கு? குடகிலும் வயநாட்டிலும் என்ன பெய்தது, கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பிவிட்டனவா, எவ்வளவு திறக்கிறார்கள், தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது, இவ்வளவுதான். ஒரு கன அடி என்றால் விநாடிக்கு 28 லிட்டர் சொச்சம். பத்தாயிரம் கன அடி என்று செய்தியில் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம், அது விநாடிக்கு 2.8 லட்சம் லிட்டர். 2024 ஜூலை கடைசியில் அங்கே லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியது, அருவி என்ற ஒன்றே தெரியவில்லை, பாறை எல்லாம் மூழ்கிவிட்டது. அதே நாட்களில்தான் வயநாட்டில் நிலச்சரிவு, ஜூலை 30. சரிந்த பக்கத்துத் தண்ணீர் சாலியாறு வழியாக மேற்கே போனது. அந்த மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் கபினிக்கு வந்து நம்மிடம் சேர்ந்தது.

அணையில் திறந்த தண்ணீர் உடனே வந்துவிடாது, அந்த இடைவெளி நமக்குச் சாதகம். வியாழக்கிழமைச் செய்தியைப் படித்தாலே சனிக்கிழமை பரிசல் ஓடுமா என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பரிசல்துறையில் நின்று தடை போட்டுவிட்டார்கள் என்று கத்துவதில் புண்ணியம் இல்லை.

ஜூலை 28

"தண்ணீர் வரும் ஊரைப் பார் என்று மே மாதம் சொன்னீர்கள், இப்போது அணையைப் பார் என்கிறீர்கள்" என்ற புகார் நியாயமானது. அணை இருக்கும் ஆற்றில் வானிலை என்பது மதகைத் திறக்கும் பொறியாளர்தான். கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி) நடப்பதே மேலே சூபா அணையிலிருந்து விடும் தண்ணீரில். பெய்யாத மாதத்திலும் படகு ஓடும், மழைக்காலத்தில் ஓடாது. அங்கே போய் ஆப்பில் மழைப் படம் பார்ப்பது வீண் வேலை.

குடகில் பாராபோல் ஆறு அதற்கு நேர் எதிர். தலைக்கு மேலே பெரிய அணை கிடையாது, முழுக்கப் பருவமழைத் தண்ணீர், ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஆட்டம். இரவு பெய்தால் காலையில் ஆறு வேறு ஆறு. இரண்டு நாள் வெறித்தால் பாறை தலைகாட்டும். அங்கே நான் முதலில் பார்ப்பது கரைப் பாறையை. தண்ணீருக்கு மேலே ஈரமான கறுப்புப் பட்டை தெரிந்தால் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பட்டையே இல்லாமல், கரைப் புல் தண்ணீருக்குள் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்படி ஏறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, நாங்கள் முன்பணம் கட்டிய குழுவினர் "இதெல்லாம் சகஜம் சார், ஏறுங்க" என்றார்கள். ஏறவில்லை, பணமும் திரும்பவில்லை. பக்கத்து ஓட்டலில் பன்றிக்கறியும் கடம்புட்டும் சாப்பிட்டு வந்தோம், அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அதுதான்.

கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில் ஜூலையில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனால் கயாக் ஓட்டுபவர்கள் காலையில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். போனைப் பார்ப்பதைவிட ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் நேரம்தான் அதிகம்.

ஆகஸ்ட் 17

அட்டைப் பூச்சிக்கு மூக்குப்பொடியா, உப்பா, வேப்பெண்ணெயா என்று இழை திசை மாறிவிட்டது. புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்த சாக்ஸ். முடிந்தது விவாதம்.

செப்டம்பர் 21

மழை மட்டும்தான் வானிலையா என்று ஒருவர் கேட்டது மனதிலேயே இருந்தது. இல்லை. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள், அன்று வானம் சுத்தம். காய்ந்த புல், சரிவு, காற்று. ஆப்பில் பார்த்திருந்தால் சிரிக்கும் சூரியன்தான் இருந்திருக்கும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை நான் மழை வாய்ப்பைப் பார்ப்பதே இல்லை, காற்றின் ஈரப்பதமும் மதியக் காற்றின் வேகமும்தான். அந்த மாதங்களில் வனத்துறை பாதைகளை மூடுவதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டம் தொடங்கிய பிறகு வழிகாட்டி இல்லாமல் குறுக்கு வழியில் ஏறுவதற்குச் சாக்கும் குறைந்துவிட்டது.

அக்டோபர் 19

இனி எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவத்தில் நனைவது கிழக்குச் சரிவு. ஜூலையில் நான் காய்ந்த பக்கம் என்று சொன்ன கோத்தகிரியும் அதன் பக்கத்துக் குன்னூரும் இப்போது கவனிக்க வேண்டிய பக்கம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் நடந்த நிலச்சரிவுகளை அங்கே உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாதுமலை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஜூலையில் எழுதியதை நகல் எடுத்து வைத்திருப்பவர்கள் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டுக்கொள்ளவும்.

நவம்பர் 23

"புயல் கரை கடந்ததும் போகலாமா?" இது ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. 2024-ல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. சென்னையில் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உள்மாவட்டத்தில் கூத்து. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., ஏற்காட்டிலும் பேய்மழை, தென்பெண்ணையில் வெள்ளம். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் பாருங்கள். புயல் வலுவிழந்தால் குறைவது காற்று. மெதுவாக நகரும் தாழ்வு, கூடவே ஒரு மலை, இரண்டும் சேர்ந்தால் மழை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

நவம்பர் 24

இந்த ஞாயிறு ஏற்காடு கேட்டவருக்கு: தாழ்வு எந்தப் பக்கம் நகர்கிறது என்று வெள்ளி இரவு பார்த்துச் சொல்கிறேன். அறைக்கு முழுப்பணம் கட்டிவிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்தால் இறங்குவது தாமதமாகும், அதனால் திங்கட்கிழமை லீவு கிடைக்குமா என்று இப்போதே மேலதிகாரியிடம் கேட்டு வையுங்கள்.